40 நிமிடம் ஒரு பெயர்: இது சினிமாவா, வெறும் பதிவா?

(இணைய விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கடைசிவரிசை

போன வாரம் முழுக்க இணையத்தில் இலவசமாகக் கிடைத்த அந்த 40 நிமிடப் படத்தை உங்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாற்காலி, பின்னால் சாம்பல் நிறச் சுவர், தோள் வரை தெரிகிற நெருக்கமான ஷாட். ஒருவர் வந்து உட்கார்ந்து ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார், பிறகு தன் பெயரைச் சொல்ல ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான் படம். பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று, பிற்பாடு தானே வைத்துக்கொண்ட பெயர் ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றி, அம்மா கூப்பிடுவது போல, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல, யாரோ ஒரு அலுவலர் படிவத்தைப் பார்த்துத் தப்பாக வாசிப்பது போல, கோபமாக, கொஞ்சலாக, கடைசியில் தொண்டை கட்டி வெறும் மூச்சாக. கேமரா அசையவில்லை, ஒரு கட் கூட இல்லை, அதாவது எங்கேயும் வெட்டி ஒட்டவில்லை. எடுத்தவரும் திரையில் இருப்பவரும் ஒருவரே, அவருக்கு இது முதல் படம், அதனால் பெயரைப் போட்டு அடிக்க எனக்கு விருப்பமில்லை.

அலுத்துப்போனது என்று புகார் சொல்ல வரவில்லை. ஷான்டால் ஆக்கர்மனின் 201 நிமிட 'ஜான் டீல்மன்' படத்தை இரண்டு முறை பார்த்தவன் நான், ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதைப் பார்த்துப் பதறியவன். என் புகார் வேறு. இங்கே ஒரு நிகழ்த்துக்கலை நிகழ்வு, அதாவது தன் உடலையே வைத்துச் செய்து காட்டும் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட், நடந்திருக்கிறது, அதன் எதிரில் ஒரு கேமராவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்காணிப்புக் கேமராவும் அதைத்தான் செய்கிறது. 1945இல் மாயா டெரன் 'எ ஸ்டடி இன் கொரியோகிராஃபி ஃபார் கேமரா' என்று சில நிமிடமே ஓடுகிற ஒரு படம் எடுத்தார். டாலி பீட்டி என்ற நடனக் கலைஞர் காட்டில் காலைத் தூக்குகிறார், அந்தக் கால் ஒரு அறைக்குள் இறங்குகிறது. அந்த அசைவை எந்த மேடையிலும் ஆட முடியாது, ஏனென்றால் அது ஆடியவரின் உடலில் இல்லை, இரண்டு ஷாட்டுக்கு நடுவில் இருக்கிறது. உடலும் சினிமாவும் சேர்வது என்றால் எனக்கு அதுதான்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பு. படத்துக்குப் பின் எடுத்தவரோடு இணையவழி நடந்த உரையாடலில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், ஏன் 40 நிமிடம், 12 நிமிடத்தில் இது முடிந்திருக்காதா என்று. என் வாழ்க்கையின் நீளத்தை எப்படிக் குறைப்பீர்கள் என்கிற மாதிரி எடுத்தவரிடமிருந்து பதில் வந்தது, திரை முழுக்கக் கைதட்டல் படங்கள், கேட்டவர் மன்னிப்புக் கேட்டு மைக்கை அணைத்துவிட்டார். அவர் கேட்டது படத்தின் நீளத்தை ஐயா! அடையாளம் பற்றிய படம் என்றாலே விமர்சிப்பது அந்த மனிதரை அவமதிப்பது என்று ஆகிவிட்டது, இந்தக் கேடயத்துக்குப் பின்னால் எவ்வளவு சுமாரான வேலையும் ஒளிந்துகொள்ளலாம். நான் சொல்வது தப்பா?

வெறுங்கால்

தப்புதான். பத்து வருடமாக நிகழ்த்துக்கலை செய்கிறேன், கேமரா இல்லாமலும் அதற்கு முன்னாலும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெரன் செய்ததைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உடலை வைத்துச் செய்யும் எல்லா வேலைக்கும் கட் உதவாது. நிகழ்த்துக்கலைஞர்கள் மரீனா அப்ரமோவிச்சும் உலாயும் 1980இல் செய்த 'ரெஸ்ட் எனர்ஜி' நாலு நிமிடச் சொச்சம்தான். வில்லை மரீனா பிடித்திருக்கிறார், நாணில் பூட்டிய அம்பை உலாய் இழுத்துப் பிடித்திருக்கிறார், அம்பின் முனை மரீனாவின் நெஞ்சுக்கு நேராக, இருவரும் பின்னால் சாய்ந்து நிற்கிறார்கள். இதயத்தருகே மைக் வைத்து அந்தத் துடிப்பையும் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் எங்கே கட் போடுவீர்கள்? ஒரே ஒரு கட் போட்டால் போதும், அம்பு எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கப்பட்டிருக்கலாம் என்றாகிவிடும், பார்க்கிறவர் நிம்மதியாக மூச்சு விட்டுவிடுவார், எல்லாம் போச்சு. வெட்டாமல் விடுவதும் ஒரு முடிவு. அதை எடுத்தவர் சோம்பேறி என்று நினைப்பதுதான் உங்கள் தவறு.

இந்தப் படத்திலும் அதுதான் நடக்கிறது. எந்தச் சொல்லையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் பொருள் கழன்று வெறும் சத்தமாகிவிடும். ஒரு மனிதர் தன் பெயருக்கு அதைச் செய்துகொள்கிறார், அதுவும் எந்தப் பெயருக்காக வீட்டோடும் ஊரோடும் சண்டை போட்டாரோ அந்தப் பெயருக்கு. எனக்கு 20வது நிமிடத்துக்கு மேல் உடம்பு சில்லிட்டது. கடைசிப் பத்து நிமிடம் தொண்டை நிஜமாகவே கட்டுகிறது, எச்சில் விழுங்கும்போது முகம் சுளிக்கிறது. 12 நிமிடத்தில் அதை நடிக்கத்தான் முடியும், அடைய முடியாது. நடிகர் பொய் சொல்லலாம், களைத்துப்போன உடல் சொல்லாது.

அந்தப் பதில் கொஞ்சம் வெடுக்கென்று இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். தன் பெயருக்கு விளக்கம் கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவரிடம் போய் இன்னொரு விளக்கம் கேட்டால் எப்படி வரும்.

நெகட்டிவ்

நான் 7வது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் அவர் இன்னும் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்லி எழுப்பியிருந்தால் படம் பிடித்திருக்கும்.

கடைசிவரிசை

வெறுங்கால், அம்பு உதாரணம் நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே பணயம் வைத்திருப்பது என்ன, தொண்டையா? ஒரு ஜலதோஷத்துக்கும் அதுதான் ஆகும்.

பெயர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஷர்லி கிளார்க்கின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் ஜேசன்', 1967இல் வந்தது. படம் ஆரம்பிக்கும்போது அந்த மனிதர் என் பெயர் ஜேசன் ஹாலிடே என்கிறார், மறுபடியும் அதையே சொல்கிறார், அப்புறம் சிரித்துக்கொண்டே, என் பெயர் ஏரன் பெய்ன் என்கிறார். உங்கள் 40 நிமிடப் படம் முழுக்க இந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. 1966 டிசம்பரில் ஒரே இரவில், சுமார் 12 மணி நேரம் அவரைக் குடிக்க விட்டு, பேச விட்டு எடுத்ததைக் கிளார்க் 105 நிமிடமாக வெட்டினார். சுருள் தீரும்போது திரை இருட்டாகும், குரல் மட்டும் ஓடும். கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள் அவரைச் சீண்டுவதும் கேட்கும். ஜேசன் அழுகிறாரா, அழுவது போல் நடிக்கிறாரா என்று கடைசி வரை தெரியாது, தெரியாததுதான் அந்தப் படத்தை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது. அந்த மனிதரும் ஒருவிதத்தில் நிகழ்த்துக்கலைஞர்தான், தன்னையே வேடமாகப் போட்டுக்கொண்டு பிழைத்தவர். ஆனால் அவருக்கு எதிரில் ஒரு இயக்குநர் இருந்தார். இந்தப் படத்தில் எதிரில் இருப்பது ஒரு ஸ்டாண்ட்.

தாழ்வாரம்

அந்த இயக்குநர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் கடைசிவரிசை. ஒரு கறுப்பினத் தன்பால் ஈர்ப்பாளரைக் குடிக்க வைத்து, உடையும் வரை சீண்டி, அதைப் படம் பிடித்தார்கள். வெட்டும் உரிமை முழுக்க எதிர்ப்பக்கம் இருந்தது. எனக்கும் அது பெரிய படம்தான், ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒரு கூச்சம். தன்னைத் தானே எடுத்துக்கொள்கிறவர், ஸ்டாண்டில் கேமராவை வைத்து எதிரில் போய் உட்கார்கிறவர், இந்த வரலாறு தெரிந்துதான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொருவர் கையில் கத்தரியைக் கொடுக்கமாட்டேன் என்பது அகம்பாவம் இல்லை.

இது கலையா, சினிமாவா என்ற கேள்வியும் அப்படி ஒன்றும் அப்பாவிக் கேள்வி இல்லை. கறுப்பினத் தன்பால் ஈர்ப்பாளர்களைப் பற்றிய மார்லன் ரிக்ஸின் 'டங்ஸ் அன்டைட்' 1989இல் வந்தது. கவிதை, நடனம், கேமராவை நேராகப் பார்த்துச் சொல்லும் சொந்தக் கதை, நெஞ்சுத் துடிப்பின் சத்தம், எல்லாம் கலந்த 55 நிமிடம். 1991இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வரவேண்டியபோது பல நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன, பொதுப்பணம் இதற்கா என்று அரசியல்வாதிகள் கூச்சல் போட்டார்கள். அதற்கும் முன்னால் ஜாக் ஸ்மித்தின் 'ஃப்ளேமிங் கிரீச்சர்ஸ்' படச்சுருளை 1964இல் போலீஸே பறிமுதல் செய்தது. இதெல்லாம் கலையா என்று கேட்டவர்களில் நிறையப் பேர் உண்மையில் கேட்டது, இந்த ஆட்களை நாங்கள் பார்த்துத்தான் ஆகவேண்டுமா என்று. நீங்கள் அந்த ரகம் இல்லை, தெரியும். ஆனால் கேடயம் கேடயம் என்கிறீர்களே, அந்தக் கேடயம் சும்மா செய்யப்பட்டதா?

கடைசிவரிசை

நியாயம். ஆனால் ரிக்ஸின் படத்தில் ஒரு நிமிடம் கூட வீண் கிடையாதே. கோபத்தை வெட்டி, தாளம் போட்டு, கவிதையாக்கி, பார்க்கிறவனைக் கட்டிப்போட்டுப் பார்க்க வைத்தார். அவருக்கு நடந்த அநியாயத்தின் பெயரால் இன்னொருவர் எதையும் வெட்டாமல் கொடுத்துவிட்டு, கேட்டால் வரலாற்றைக் காட்டுவது ரிக்ஸுக்கே மரியாதை இல்லை. நான் கேட்பது வேலையை.

வெட்டுஒட்டு

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தை நம்பிச் சண்டை போடுகிறீர்கள், அந்த விஷயமே தப்பு. படத்தில் கட் இருக்கிறது.

நான் எடிட்டர். கண் தானாகவே கன்டினியூட்டியைத்தான் பார்க்கும், அதாவது முன்னால் இருந்தது பின்னாலும் அப்படியே பொருந்துகிறதா என்று, வியாதி மாதிரி. தண்ணீரை ஊற்றிக்கொண்டதும் சட்டையின் இடது தோளில் ஈரம் பரவுகிறது இல்லையா, அது நேரம் போகப்போகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. 23வது நிமிடத்தில் காலர் ஓரத்தில் மட்டும் கோடு மாதிரி நிற்கிறது. 25:48இல் அவர் குனிகிறார், முடி மொத்தச் சட்டகத்தையும் மறைக்கிறது, மூன்று விநாடி திரையில் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. நிமிரும்போது தோள் முழுக்க ஈரம். முடி நுனியில் சொட்டு. காய்ந்த சட்டை தானாக நனையாது. ஹிட்ச்காக் 1948இல் 'ரோப்' படத்தில் செய்த அதே பழைய வித்தை, அவர் கேமராவுக்குள் போடுகிற சுருள் பத்து நிமிடச் சொச்சம்தான் ஓடும் என்பதால் நடிகர்களின் முதுகை இருட்டாகக் காட்டி அந்த இடத்தில் ஒட்டினார். இங்கே டிஜிட்டல், சுருள் தீருகிற கதை இல்லை. அப்படியானால் வேண்டுமென்றேதான் ஒட்டியிருக்கிறார்.

இப்போது யோசியுங்கள். 25:48க்கு அப்புறம் வருவது இன்னொரு டேக்கின், அதாவது தனியாக மறுபடி எடுத்ததின் ஆரம்பம், அதாவது தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் எடுத்தது. குரல் கட்டுவது, மூச்சு வாங்குவது, முகம் சுளிப்பது எல்லாம் அந்தப் பகுதியில்தான் வருகிறது. அந்தக் களைப்பு 40 நிமிடம் பேசியதால் வந்த களைப்பு இல்லை. கடைசிவரிசை, நீங்கள் இது வெறும் பதிவு என்றீர்கள், பதிவு இல்லை. வெறுங்கால், நீங்கள் களைத்த உடல் பொய் சொல்லாது என்றீர்கள். சரி, விடுங்கள்.

அப்புறம், ஒரே ஷாட் என்றாலே அதில் ஓடுவது நிஜ நேரம் என்று நம்புவதே குழந்தைத்தனம். ஓவியர் ஆண்டி வார்ஹோலின் 'ஸ்கிரீன் டெஸ்ட்' படங்கள் 1964 முதல் 1966 வரை எடுத்தவை, எல்லாமே அசையாத கேமராவின் முன் ஒரு முகம். விநாடிக்கு 24 சட்டகம் எடுத்து 16 சட்டக வேகத்தில் ஓட்டினார், இரண்டே முக்கால் நிமிடச் சுருள் நாலு நிமிடத்துக்கு மேல் ஓடும். இமைப்பதே ஒரு சம்பவம் மாதிரித் தெரிவது அதனால்தான். ஒரு கட் கூட இல்லை, ஆனாலும் அந்த நேரம் யாரும் வாழ்ந்த நேரம் இல்லை.

நெகட்டிவ்

ஐயோ, நான் தூங்கிய பகுதியில்தான் கிளைமாக்ஸா.

வெறுங்கால்

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். வெட்டுஒட்டு சொல்வது சரி. தோள் நனைந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப்போவதில்லை. நிகழ்த்துகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் ஒரு வாக்கு இருக்கிறது. நாடகத்தில் கத்தி மழுங்கல் என்று இருவருக்கும் தெரியும், அதனால் அங்கே ஏமாற்று இல்லை. எங்கள் வேலையில் கத்தி கூர்மையானது என்பதுதான் பேச்சு. 1964இல் நிகழ்த்துக்கலைஞர் யோகோ ஓனோ 'கட் பீஸ்' செய்தபோது மேடையில் கத்தரிக்கோலை வைத்து, வருகிறவர்கள் என் உடையை வெட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தார். மறு வருடம் நியூயார்க்கில் செய்ததை ஆவணப்படக்காரர்களான மேசல்ஸ் சகோதரர்கள் படம் பிடித்திருக்கிறார்கள். ஒரு இளைஞன் உள்ளாடையின் பட்டியை வெட்டும்போது ஓனோவின் கை நெஞ்சுக்குப் போகிறது, கண் ஒரு நொடி அலைகிறது. அந்த நொடியை அவர் ஒத்திகை பார்த்திருந்தார் என்று நாளைக்குத் தெரிந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு இப்போது அப்படித்தான் இருக்கிறது. நான் சில்லிட்டுப்போனது ஒரு ஒட்டுவேலைக்கு.

கடைசிவரிசை

வேடிக்கையைப் பாருங்கள், எனக்கு இந்தப் படம் இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. மூன்று விநாடிக் கறுப்பு! முடிக்குள் ஒளித்த கட்! இதைச் செய்தவர் கேமராவை வைத்துவிட்டுப் போனவர் இல்லை. சோம்பேறித்தனம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். (சோம்பேறி என்ற சொல் என்னுடையது இல்லைதான், வெறுங்கால் எனக்குக் கொடுத்தது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.)

ஓனோ உதாரணத்தில் எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அந்த அரங்கில் பின் வரிசையில் இருந்தவர்களுக்கு அந்தக் கண் தெரிந்திருக்குமா? எனக்குத் தெரிவதற்குக் காரணம் அங்கே ஒரு கேமராக்காரர் கிட்டே போனதுதான். நீங்கள் உண்மை என்று பிடித்து வைத்திருக்கிற அந்த நொடியையே சினிமாதான் உங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

ஆனால் இப்போது அந்த உரையாடல் இன்னும் உறுத்துகிறது. என் வாழ்க்கையின் நீளம் என்றாரே, வாழ்க்கையை இரண்டு டேக்காக எடுத்து ஒட்டியவர் அதை எந்த முகத்தோடு சொன்னார்?

தாழ்வாரம்

கேட்டவுடன் ஏமாற்று என்று முடிவு கட்டவேண்டாம். டிரின் மின்-ஹாவின் 'சர்நேம் வியட் கிவன் நேம் நாம்' 1989இல் வந்தது. வியட்நாமில் வாழ்கிற பெண்களின் நேர்காணல் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருப்போம், ஆங்கிலம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே, வெளிச்சம் என்ன இவ்வளவு ஒழுங்காக விழுகிறது என்று மெல்லச் சந்தேகம் வரும். பேசுகிறவர்கள் அமெரிக்காவில் குடியேறிய வியட்நாமியப் பெண்கள், வேறு பெண்கள் வேறு இடத்தில் சொன்ன பேச்சை மனப்பாடம் செய்து நடித்திருக்கிறார்கள். பிற்பாடு அவர்களே தங்கள் சொந்தக் கதையைச் சொல்ல வருகிறார்கள். நேர்காணல் கொடுக்கும் அகதிப் பெண் என்றால் எப்படி இருப்பாள் என்று நமக்குள் ஒரு படம் வைத்திருந்தோமே, மாட்டிக்கொள்வது அதுதான்.

எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு. 1992இல் கொலம்பஸ் அமெரிக்கா வந்த 500வது ஆண்டை ஒட்டி நிகழ்த்துக்கலைஞர்கள் கோகோ ஃபுஸ்கோவும் கியர்மோ கோமெஸ்-பென்யாவும் யாரும் கண்டுபிடிக்காத தீவின் பழங்குடியினர் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்தார்கள். தீவே கற்பனை. கறுப்புக் கண்ணாடி, கூண்டுக்குள் தொலைக்காட்சி, எல்லாம் பகிரங்கமாக இருந்தும் நிறையப் பேர் நம்பினார்கள். அதைப் பற்றிய படத்தில் நான் பார்த்துக்கொண்டே இருந்தது கூண்டுக்கு வெளியே நின்ற முகங்களைத்தான். கூண்டுக்கு முன் நின்றிருந்தால் நானும் உள்ளேதான் பார்த்திருப்பேன்.

அடையாளத்தைப் பொறுத்தவரை உண்மையான களைப்பைக் காட்டு என்று கேட்பதே ஒரு வகையில் கூண்டுதான். பாலின அடையாளம் பற்றி எழுதிய தத்துவவாதி ஜூடித் பட்லர் சொல்வது போல அடையாளமே திரும்பத் திரும்பச் செய்வதால் உருவாவது, அதில் அசல் எது நடிப்பு எது.

வெறுங்கால்

நிறுத்துங்கள் தாழ்வாரம், பட்லரை இந்த இடத்தில் எல்லோரும் இப்படித்தான் இழுக்கிறார்கள். 1990இல் 'ஜெண்டர் ட்ரபிள்' வந்தபின் இந்தக் குழப்பம் பெருகியதால்தான் 1993இல் 'பாடீஸ் தட் மேட்டர்' நூலில் அவரே அதைத் திருத்த வேண்டி வந்தது. காலையில் எழுந்து அலமாரியைத் திறந்து இன்றைக்கு எந்த அடையாளம் என்று எடுத்து மாட்டிக்கொள்வது போன்றதல்ல அவர் சொல்வது. திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது, மறுத்தால் தண்டனை உண்டு. எல்லாமே நடிப்புதான் என்று அதைச் சுருக்கினால் பெயரை மாற்றிக்கொண்டு அடி வாங்கியவரிடம் போய் நீயும் நடிக்கிறாய் என்று சொல்வதில் வந்து நிற்கும். நீங்கள் அந்தப் பக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் வாக்கியம் அங்கேதான் போய் நிற்கிறது.

டிரின் படத்தில் அந்தப் பெண்கள் கடைசியில் வெளியே வருகிறார்கள், நடித்தோம் என்று தெரிய வைக்கிறார்கள். கூண்டிலும் தடயம் கண்முன்னால் கிடந்தது. இங்கே ஒட்டிய இடம் ஒரு எடிட்டர் கண்ணுக்குத்தான் தெரிந்தது. அதற்கு மேல் இது ஒரே மூச்சில் நிகழ்த்தியது என்று எங்கேயாவது எழுதிப் போட்டிருக்கிறாரா? அப்படியானால் அது பொய், விவாதமே தேவையில்லை.

வெட்டுஒட்டு

அதையும் தேடிப் பார்த்தேன். படத்தின் அறிமுகக் குறிப்பில் ஒரே ஷாட் என்றோ இடைவிடாமல் என்றோ எங்கும் இல்லை. "40 நிமிடம், டிஜிட்டல், வண்ணம்" அவ்வளவுதான். ஒரே ஷாட் என்பது நாம் போட்ட முடிவு.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், நேற்று வேகத்தில் விட்டுவிட்டேன். ஈரம் புதிது என்பதால் களைப்பு நடிப்பு என்றேன். அப்படித்தான் இருக்கவேண்டும் என்றில்லை. 40 நிமிடம் முழுதாகப் பேசி முடித்து, தொண்டை போன பிறகு, எழுந்து போய் இன்னொரு வாளி ஊற்றிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கலாம். அப்படியானால் குரல் நிஜம், தண்ணீர்தான் புதிது. சத்தத்தைக் கேட்டு இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஹெட்போனில் மூன்று தடவை கேட்டேன். சவுண்ட் ட்ராக்கை என் கையில் கொடுத்தாலும் சொல்லமுடியுமா என்பது சந்தேகம்தான். அறையின் இரைச்சல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது, ஒரே இடம், அநேகமாக ஒரே நாள்.

கடைசிவரிசை

அப்படியானால் ஜேசன் அழுதாரா நடித்தாரா என்கிற அதே இடம்! நான் எதை வைத்து இந்தப் படத்தை மட்டம் தட்டினேனோ அதிலேயே வந்து நிற்கிறேன், பரவாயில்லை.

ஆனால் வெறுங்காலிடம் ஒரு கேள்வி. நிகழ்த்துக்கலை ஆய்வாளர் பெகி ஃபெலன் 1993இல் 'அன்மார்க்ட்' புத்தகத்தில் எழுதியது உங்கள் ஆட்களுக்கு வேதம் மாதிரி, நிகழ்த்துவது அந்த நேரத்தில் மட்டும் உயிரோடு இருக்கும், பதிவு செய்துவிட்டால் அது வேறு ஒன்றாகிவிடும் என்று. அதை நம்புகிறவர் கேமராவில் வந்த களைப்பை நிஜக் களைப்பு என்று முதல் நாளே நம்பியிருக்கக்கூடாது. அது அப்போதே வேறு ஒன்றாகத்தான் இருந்தது. கட் தெரிந்த பிறகு மட்டும் ஏன் துரோகம்?

வெறுங்கால்

நல்ல அடி. பதில் யோசிக்க ஒரு நாள் ஆகிவிட்டது.

நேற்று ராத்திரி 25:48லிருந்து மட்டும் போட்டுப் பார்த்தேன். கோபத்தில்தான் போட்டேன், நடிப்பு எங்கே பிசகுகிறது என்று பிடிக்க. தோளைப் பார்ப்பதில்லை, முகத்தையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டேன். அந்தக் கறுப்புக்கு முன்னால் இரண்டு பெயரும் மாறி மாறி வருகிறது இல்லையா. கறுப்புக்குப் பிறகு 14 நிமிடச் சொச்சமும் வருவது ஒரே பெயர். தானே வைத்துக்கொண்டது. பழைய பெயர் ஒரு தடவை கூட வரவில்லை. அம்மாவின் குரலில் கூப்பிடுவது அங்கேயும் வருகிறது, கொஞ்சலாக, புதுப் பெயரில்.

துரோகம் என்று சொன்னதை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மூச்சு என்று என்னை நம்ப விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, எங்கள் வேலையில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நாலு நாளாக நான் பேசியது தொண்டையைப் பற்றி.

கடைசிவரிசை

நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார் என்றுதான் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். கடைசி வரை அப்படித்தான் என்று நினைத்தேன். நிமிட முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போல.

இருந்தாலும் கேட்டவரின் கேள்வி நிற்கிறது. அந்த இடத்துக்கு வர 26 நிமிடம் வேண்டுமா, 10 போதாதா?

வெறுங்கால்

நிற்கட்டும், நல்ல கேள்விதான். 10 நிமிடம் என்றால் பழைய பெயர் இல்லாமல் போனதை நீங்கள் உடனே கவனித்திருப்பீர்கள், அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

நெகட்டிவ்

நான் முழுசாகப் பார்க்கப்போகிறேன். இந்தத் தடவை உட்கார்ந்து.

வெட்டுஒட்டு

மூன்று தடவை ஹெட்போன் போட்டுக் கேட்டேன் என்று எழுதினேன். அறையின் இரைச்சலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்கவே இல்லை.